நாலு ரிப்போர்ட்டும் ஒரு மீன்வாயும்

காலை எட்டரை மணிக்கு யாராவது எங்கள் மாடிப்படியைத் திடுதிடுவென்று ஏறி வந்தால், கீழே பேக்கரிக்குப் போக வேண்டியவர் வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நான் நினைப்பேன். நாயுடுபுரத்தில் துப்பறியும் நிலையம் என்று போர்டு வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். அதைப் படித்த பிறகும் மேலே ஏறுகிறவர்கள் குறைவு. அன்றைக்கு வந்த மலைச்சாமி படித்துவிட்டுத்தான் ஏறியிருந்தார். கையிலிருந்த நான்கு பெரிய கவர்களை அவர் மேசையில் போட்ட வேகத்தில் என் டீ தளும்பி, பாதி சாஸருக்குப் போனது.

"ஃப்ராடுங்க. நாலும் ஃப்ராடு. நீங்க அதை எழுதிக் குடுத்தாப் போதும்."

ராஜகுமாரி மேடம் அவரை உட்காரச் சொன்னார். மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் கொடைக்கானலில் வானிலைக் கருவிகளின் காகிதச் சுருள்களைப் படித்தவர். மழையும் காற்றும் நிலநடுக்கமும் முள்ளால் கீறிய கோடுகளைப் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆனவர். மனிதர்கள் பொய் சொல்வார்கள், கோடுகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அவர் கட்சி. நான் அழகுமலை, தாண்டிக்குடிக்காரன். ஜீப் ஓட்டுவதும், மேடம் யோசிக்கும்போது வாயை மூடாமல் இருப்பதும் என் வேலை. சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான்.

மலைச்சாமி வில்பட்டிக்கு மேலே மேட்டுக்காட்டில் பூண்டு போடுகிறவர். மூன்று வாரத்துக்கு முன்பு டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் மகளிர் குழுப் பெண்களுக்கு இலவச இதய முகாம் நடந்திருக்கிறது. அவர் தெருவிலிருந்து நான்கு பேர் போயிருக்கிறார்கள். அவர் மனைவி சோலையம்மாள், அப்புறம் முருகம்மாள், முருகேஸ்வரி, லாவண்யா. நான்கு பேருக்கும் எக்கோ எடுத்தார்கள். நான்கு ரிப்போர்ட்டிலும் ஒரே விஷயம். இதயத்தின் இடது பக்கத்து வால்வு இறுகிப்போய்விட்டது, திறக்கும் வழி 0.9 சதுர சென்டிமீட்டர்தான், மதுரைக்குப் போய் பலூன் வைத்து விரிக்க வேண்டும்.

"ஒரே தெருவுல நாலு பொம்பளைக்கும் ஒரே நோவு, ஒரே அளவு. ஒரு பாத்தியில போட்ட பூண்டுகூட ஒரே அளவா வெளையாதுங்க" என்றார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒருவருடைய படத்தை நான்கு பேருக்கும் ஒட்டி, காப்பீட்டுப் பணத்தை அடிக்கிற வேலை என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மத்தியானம் ஆட்களோடு வந்து சென்டரைப் பூட்டப்போகிறார்கள். எங்கள் கையெழுத்து ஒன்று இருந்தால் பூட்டுக்குக் கொஞ்சம் கௌரவம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மேடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நிஜமா இருந்துட்டா?"

சோலையம்மாள் பாட்டுக்குக் காட்டில் சோலி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்றார் மலைச்சாமி. முதலில் வந்த சத்தம் இப்போது குரலில் இல்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு படங்கள் இருந்தன. மேலே விசிறி மாதிரி ஒரு கறுப்புப் படம், நடுவில் சிவப்பும் நீலமும் பச்சையும் குழம்பிக் கிடந்தன. கீழே ஒரு நீளப் பட்டை. அதில் வரிசையாக மேடுகள், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மேடு. மேடம் மேல் படத்தைத் தொடவே இல்லை. நேற்று பன் சுற்றி வந்த காகிதத்திலிருந்து ஒரு துண்டு கிழித்து, அதன் ஓரத்தை முதல் ரிப்போர்ட்டின் மேடுகளுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு மேட்டுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி ஒரு நிதானமாக இல்லை. ஒன்று கிட்டே, ஒன்று எட்ட, இரண்டு கிட்டே, மறுபடி எட்ட.

"டெய்லர் கடையில அளவு எடுக்கிற மாதிரி இருக்கு மேடம். பட்டன் எங்க வைக்கணும்?" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. அந்தத் துண்டை அப்படியே இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு நகர்த்தினார். கோடு ஒரு பக்கம், மேடு ஒரு பக்கம். மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே கதைதான்.

"காப்பி இல்லை, அழகு" என்றார். "ஒழுங்காத் துடிக்கிற இதயமா இருந்தா இந்தத் துண்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எல்லா இடைவெளியும் ஒண்ணாத்தான் இருக்கும். இது தாறுமாறாத் துடிக்குது. தாறுமாறு ஒரு தடவை வந்த மாதிரி இன்னொரு தடவை வராது. ஒரே படத்தை நாலு பேருக்கு ஒட்டியிருந்தா என் கோடு நாலுலயும் அச்சா உக்காந்திருக்கும். இது நாலும் நாலு தடவை தனித்தனியா எடுத்தது."

மலைச்சாமி எழுந்து நின்றுவிட்டார். ஃப்ராடு இல்லை என்றால் மிச்சம் இருப்பது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மேடம் நான்கு கவர்களையும் எடுத்துக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் சென்டரில் எங்களைப் பார்த்ததும் பிரசாந்த் என்ற டெக்னீஷியன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். முந்தின நாள் ராத்திரி யாரோ போனில் அவருடைய கையை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். எந்தக் கை என்று கேட்டுக்கொண்டீர்களா என்றேன். மேடம் என்னை முறைத்தார். நல்லவேளையாக அன்று சனிக்கிழமை. மலைக்குக் கீழேயிருந்து வாரம் ஒருமுறை வரும் இதய டாக்டர் லீலா உள்ளே இருந்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

டாக்டருக்குத் தன் கையெழுத்தில் சந்தேகமே இல்லை. சின்ன வயதில் தொண்டையில் வந்த ஒரு காய்ச்சலை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டால் பத்து வருடம் கழித்து அது வால்வைப் பிடித்து இறுக்கும், ஒரே தெருவில் ஒன்றாக விளையாடிய நான்கு பேருக்கு வருவது அதிசயம் இல்லை என்றார். மலைச்சாமிக்குப் புரியும்படி இன்னும் கொஞ்சம் சொன்னார். இந்த மெஷின் சத்தத்தை உள்ளே அனுப்புகிறது. அது ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. நம்மை நோக்கி வரும் ரத்தத்தைச் சிவப்பாகவும் விலகிப் போவதை நீலமாகவும் காட்டும், எவ்வளவு வேகம் என்றும் சொல்லும்.

"தோட்டத்துல ஹோஸ் பைப் வாயை விரலால அமுக்கினா தண்ணி சீறிக்கிட்டுப் போகும்ல? அப்படித்தான் இங்க ரத்தம் சீறுது. அதான் கலர் எல்லாம் குழம்பித் தெரியுது. கதவு மாதிரி விரியவேண்டிய வால்வு மீன் வாய் மாதிரி கொஞ்சூண்டு திறக்குது."

மலைச்சாமி தன் விரலைப் பார்த்தார். பாதி நாள் அந்த விரலால் ஹோஸை அமுக்கித்தானே தண்ணீர் பாய்ச்சுகிறார்.

"இவங்க வீட்டுல சும்மா இருக்கறப்ப பெருசா ஒண்ணும் தெரியாது. மேடு ஏறக்கூடாது, சுமை தூக்கக்கூடாது. ஏறினா ரத்தம் முன்னாடி போக வழியில்லாம நுரையீரல்ல தேங்கும். தண்ணிக்குள்ள மூழ்குற மாதிரிதான். தரையில நின்னுக்கிட்டே" என்றார் டாக்டர்.

மேட்டுக்காட்டில் வீட்டுக்கும் குழாயடிக்கும் நடுவிலேயே அறுபது படி. அதைச் சொல்ல வாயெடுத்து, மலைச்சாமி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மேடம் ஒரு உதவி கேட்டார். நான்கு பேருடைய ஓடும் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா? டாக்டர் இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. முகாமில் நாற்பது பேர். படங்களைப் பிரசாந்த் எடுத்துவைத்தார், டாக்டர் ஒவ்வொன்றாக வேறு வேறு நாளில் படித்துக் கையெழுத்துப் போட்டார். இப்போது திரையை நான்காகப் பிரித்து நான்கு இதயங்களையும் ஓடவிட்டார்.

முதலில் எனக்கு நான்கு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவதுதான் தெரிந்தது. டாக்டர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வால்வின் விளிம்பில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, சுண்ணாம்பு படிந்த இடம். நான்கு படத்திலும் அது அதே மூலையில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு, அதுவும் நான்கிலும் இருந்தது. அவர் இரண்டு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார்.

"வால்வு இறுகுறது ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி. இந்த அளவுக்கு நாலு பேருக்கு ஒண்ணா வராது" என்றார் மெதுவாக. "நான் கையெழுத்துப் போட்டது நாலு பேருக்கு இல்லை. இது ஒரே ஆள்."

நான்கு முறை தனித்தனியாக எடுத்தது, ஆனால் ஒரே ஆள். மேடம் படத்தின் மூலையில் இருந்த நேரத்தைக் காட்டினார். 10.20, 10.55, 11.30, 12.10. நடுவில் வேறு ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள்.

பிரசாந்துக்கு முகம் எதுவும் நினைவில்லை. இருட்டு அறை. அந்த ஊர்ப் பெண்கள் படுத்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அவரும் மரியாதைக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதவிக்கு இருக்க வேண்டிய நர்ஸை வாசலில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று ஞாபகம் இருக்கிறது என்றார். முதலில் வந்தவருக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், கையைத் தலைக்கு மேல் வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அந்த ஊர்ப் பேர் எழுதிய டோக்கன் சீட்டோடு வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தானாகவே திரும்பிப் படுத்தார்கள். வெளியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறார்கள், விவரமான ஊர் என்று நினைத்தாராம்.

"முதல் சீட்டு யாருது?" என்றார் மேடம்.

சோலையம்மாள். பத்து இருபது.

மேடத்தின் கணக்கு நேராக இருந்தது. யாரும் எடுத்த எடுப்பில் இன்னொருத்திக்காகப் போய்ப் படுக்கமாட்டார்கள். முதலில் தனக்காகப் போவார்கள். வெளியே வந்து பார்த்தால் மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார்கள், சரி உன் சீட்டைக் கொடு என்று திரும்பிப் போவார்கள். அப்படியானால் முதல் சீட்டின் பேர்தான் நிஜமான பேர்.

காலையில் ஊரைத் திரட்டி வரக் கிளம்பிய மனிதர் அந்த வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நேற்றுக்கூட அவளை எருக்கூடை சுமக்க வைத்தேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு தெருக்காரர்களுக்குப் போன் செய்து, யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். டாக்டர் தன் நம்பரை மேடத்திடம் கொடுத்தார். எங்கே இருந்தாலும் அந்தப் பெண்ணை முதலில் உட்கார வைக்கச் சொன்னார்.

மேட்டுக்காடு பேருக்கு ஏற்ற ஊர். ஜீப்பை விட்டு இறங்கினால் அடுக்கடுக்காக வயல் மேலே போகிறது. சோலையம்மாள் மேல் அடுக்கில் இருக்கிறாள் என்று மலைச்சாமி ஓடினார். நான் இரண்டு அடுக்கு ஏறி, மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்போது எங்களுக்குக் கீழேயிருந்து ஒரு பெண் தலையில் எருக்கூடையோடு வந்தாள். பக்கத்து வயல்காரர் தண்ணீரைத் திருப்பிவிட்டதைப் பற்றி ஏலே, கேலே என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே ஏறினாள். மூச்சு விடுவதற்குக்கூட அவள் திட்டை நிறுத்தவில்லை. என்னைத் தாண்டும்போது ஒதுங்கி நிற்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

"அவதாங்க" என்றார் மலைச்சாமி மேலேயிருந்து.

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று கூடைகள் ஏறின. முருகம்மாள், முருகேஸ்வரி, லாவண்யா. ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. மேடம் அவர்கள் உச்சி அடுக்கை அடையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"தப்புக் கணக்கு போட்டுட்டேன் அழகு" என்றார். "நாலு பேரும் ஏறுறாங்க. அந்த மெத்தையில படுத்தது அஞ்சாவது ஆள்."

மலைச்சாமியை வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துவர அனுப்பினார். புருஷன் நிற்கும்போது இந்தப் பேச்சு வெளியே வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் போகச் சொல்லிக் கண் காட்டினார். நான் நாலடி தள்ளிப் போய்ப் பூண்டுச் செடியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"சீட்டைக் குடுத்து யாரை அனுப்புனீங்க?"

சோலையம்மாள் தலையிலிருந்த கூடையை இறக்கவில்லை. மற்ற மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். முதல் டோக்கன் அவளுக்குத்தான். உள்ளே போனாள். இருட்டு அறை, ஒரு ஆம்பளை, ரவிக்கையைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார். ஒன்றுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டாள். மற்றவர்களும் மாட்டோம் என்றார்கள். குழுவிலோ ஆளுக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தே ஆக வேண்டும். அவர்களுடைய சோற்றுத் தூக்கைப் பார்த்துக்கொள்ளக் கூட வந்த இருளாயி, நான் போய்ப் படுத்துட்டு வர்றேன் தாயி, எனக்கென்ன என்று சீட்டை வாங்கிக்கொண்டாள்.

இருளாயி அந்த நான்கு வீட்டுக்கும் கூலி வேலை செய்கிறவள். குழுவில் இல்லை, அவள் பேரில் சீட்டும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் இவர்களுக்காக நிற்பவள் அவள். சாவு வீட்டுக்கு இவர்களால் போக முடியாவிட்டால் போய் அழுதுவிட்டு வருபவளும் அவள். அந்த ஊரில் யாருக்கு எது சிரமமோ அதை இருளாயி செய்வாள். முகாமிலும் அதைத்தான் செய்தாள். நான்கு முறை படுத்து எழுந்து, நான்கு பேருடைய சீட்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரிப்போர்ட் வந்ததும் எங்களுக்கு இல்லைன்னு மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சுங்க" என்றாள் சோலையம்மாள். "அப்ப அவளுக்குத்தான்னு அப்புறந்தான் புத்திக்கு எட்டுச்சு."

"அவகிட்ட சொன்னீங்களா?"

இல்லை. சொன்னால் ஆள் மாற்றி அனுப்பியது வீட்டு ஆம்பளைகளுக்குத் தெரிந்துவிடும். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். பூண்டுச் செடியை விட்டுவிட்டு நேராகப் போய், அந்த இருளாயி எங்கே என்று கேட்டேன்.

முருகம்மாள்தான் சொன்னாள். "பழனிக்குக் குடம் எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. நேத்து வெள்ளனே கெளம்பிட்டா."

தைப்பூசத்துக்கு அந்த ஊர் ஆட்கள் காட்டுப் பாதையில் இறங்கி நடந்து பழனிக்குப் போவார்கள். நேர்த்திக்கடன் இருக்கிற வீட்டு அரிசியையும் வெல்லத்தையும் பித்தளைக் குடத்தில் நிரப்பி, மஞ்சள் துணி கட்டித் தலையில் வைத்து எடுத்துப் போவது அவர்கள் முறை. கோயில் சேரும் வரை குடம் தரையில் படக்கூடாது. போக முடியாதவர்கள் ஆள் வைத்து அனுப்புவார்கள். இந்த வருடம் நான்கு வீட்டுக்கும் ஒரே வேண்டுதல், ஆம்பளைகள் நேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வந்த ரிப்போர்ட் பொய்யாக வேண்டும், முருகா. அந்தக் குடத்தைத்தான் இருளாயி சுமந்துகொண்டு போகிறாள். அவளுடைய ரிப்போர்ட்டையே பொய்யாக்கச் சொல்லி அவளே சுமக்கிறாள், அது அவளுக்குத் தெரியவும் தெரியாது. நானும் எத்தனையோ அயோக்கியத்தனத்தைப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை, இதில் கெட்டவர்கள் ஒருவர்கூட இல்லை, அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

"அவளுக்கும் சேத்துத்தாங்க வேண்டிக்கிட்டோம். முருகன் பாத்துக்குவான்னு அனுப்பிட்டோம்" என்றாள் லாவண்யா.

மேடம் மணியைப் பார்த்தார். பதினொன்று. இறக்கத்தில் எப்படியோ இறங்கியிருப்பாள். இன்று மத்தியானம் பாலசமுத்திரம் போய்ச் சேருவார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் பழனி மலைப் படி ஏறுவார்கள், தலையில் குடத்தோடு கிட்டத்தட்ட எழுநூறு படி. இருளாயியிடம் போன் கிடையாது. கூட்டத்தை நடத்திப் போன சுவாமிநாதனின் போன் காட்டுக்குள் எடுக்கவில்லை.

மலைச்சாமி பாட்டிலோடு வந்தபோது சோலையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்கு முன்னால் ஜீப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்றார் அவர். அவள் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவரிடம் சொன்னாள்.

"அங்க ரவிக்கையக் கழட்ட வெக்கமா இருந்துச்சு. இப்ப இருக்கிற வெக்கத்துக்கு அது ஒண்ணுமே இல்ல" என்றாள்.

அவர் திட்டவில்லை. பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, வெரசாப் போங்க என்று என்னிடம் சொன்னார்.

பெருமாள்மலை தாண்டிப் பழனி சாலையில் இறங்கினேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நான் எப்போதும் பயணிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு போவேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மேடம் டாக்டர் லீலாவுக்குப் போன் செய்தார். டாக்டர் பழனியில் தனக்குத் தெரிந்த மருத்துவமனையில் சொல்லி வைப்பதாகச் சொன்னார். சோலையம்மாள் பின் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

பாலசமுத்திரத்தில் மோர்ப் பந்தலில் கூட்டம் இருந்தது. மேட்டுக்காட்டு ஆட்கள் வாழைத் தோப்பு ஓரமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். மஞ்சள் துணி கட்டிய குடங்கள் கிளைகளில் தொங்கின. ஒரு குடம் குறைந்தது. சுவாமிநாதன் மோர் டம்ளரோடு எழுந்து வந்தார். இருளாயி பின்னால் வருகிறாள், நேற்று ராத்திரி முழுக்க இருமினாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள் என்றார். பனிக்கு அப்படித்தான் என்று அவர்கள் விட்டுவிட்டு முன்னால் வந்திருக்கிறார்கள்.

ஒரு மைல் பின்னால் போனோம். வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. குடம் இன்னும் தலையில்தான் இருந்தது, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கணுக்காலும் பாதமும் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே போய்க் கீழே வந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"என்ன தாயி நீங்க வந்துட்டீங்க? நான் போயிருவேன், கொஞ்சம் எளைப்பு, அவ்வளவுதான்."

சோலையம்மாள் கையை நீட்டினாள். இருளாயி குடத்தைத் தரவில்லை. எடுத்துக்கொண்டு வந்த குடம் பாதியில் கை மாறினால் குற்றமாகும், அது ஒங்க நாலு வீட்டுக் கடன் என்று விட்டு விட்டுச் சொன்னாள். நடுவில் இருமினாள். துடைத்துக்கொண்ட முந்தானையில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜீப்பின் பின் கதவைத் திறந்தேன்.

"எங்க கடன்தானே இருளாயி" என்றாள் சோலையம்மாள். "நான் தூக்குறேன். ஒன்கிட்டச் சொல்லவேண்டியது ஒண்ணு இருக்கு. நீ மொதல்ல ஒக்காரு."

இருளாயியின் விரல்களைக் குடத்திலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். பிறகு அவளிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை, நோவு ஒனக்குத்தான், எங்களுக்கு இல்லை, நாங்க தெரிஞ்சே சொல்லல என்று மட்டும் சொன்னாள். இருளாயி கேட்டுக்கொண்டாள். கோபமோ அதிர்ச்சியோ அவள் முகத்தில் வரவில்லை. மூச்சுக்கே அவளுக்கு எல்லாம் செலவாகிக்கொண்டிருந்தது. சோலையம்மாள் செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டுக் குடத்தோடு பழனியைப் பார்த்து நடந்தாள்.

மருத்துவமனையில் காத்திருந்தார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள், நுரையீரல் தண்ணீர் வடிய ஊசி போட்டார்கள். படி ஏறியிருந்தால் இங்கே கொண்டுவந்திருக்க மாட்டீர்கள் என்று டியூட்டி டாக்டர் மேடத்திடம் சொன்னார். ராத்திரியைத் தாண்டினால் மதுரைக்கு அனுப்பலாம், தாண்டுவாளா என்று இப்போதைக்கு உறுதி சொல்ல முடியாது. அதற்கு முன்பு ஒரு எக்கோ பார்த்துவிட வேண்டும் என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். இங்கே டெக்னீஷியன் ஒரு பெண். கட்டிலின் தலைப் பக்கத்தை உயர்த்தி, இருளாயியைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்து பேர் என்ன என்று கேட்டார்.

இருளாயி ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னிக்கு யாரு பேருக்குங்க?" என்றாள்.

மேடம் முகமூடியை அவள் முகத்தில் திரும்பப் பொருத்தினார். நான்தான் சொன்னேன், இருளாயி பேருக்கு என்று. டெக்னீஷியன் அதைத் தட்டச்சு செய்து, எழுத்துச் சரியா என்று என்னைக் கேட்டுவிட்டு, விளக்கை அணைத்தார்.